பழைய காருக்குப் புது டயர் – பட்டனைப் பார்த்து முடிவு செய்யலாமா?

இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை மடங்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் நம் சங்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனால் அப்பா வாங்கிய பத்மினியோ, கடனை உடனை வாங்கி எடுத்த மாருதி 800-ஓ உறை போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கும் குடும்பங்கள் பல. விற்க மனம் வராது. தினசரி ஓட்டவும் மாட்டோம். பண்டிகைக்குக் கோயில்வரை, கோடையில் ஒருமுறை ஊர்வரை என்று எப்போதாவது வெளியே எடுப்போம். இப்படி நிற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. அதை விளக்க ஸ்போர்ட்ஸ் கார்தான் நல்ல உதாரணம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் மகன், முப்பது வயது இளைஞர், 1971-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை ஆசையோடு வாங்கியிருக்கிறார். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் அது. 1798 சி.சி. என்ஜின், கம்பிச் சக்கரங்கள், பார்த்தால் கண் விலகாது. பல வருடம் யாரோ ஒருவர் கிடங்கில் நிறுத்தி வைத்திருந்த கார். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்தாகிவிட்டது, பிரேக் புதிது. மனைவியோடு விரைவுச் சாலையில் லோனாவ்லா போய்வரத் திட்டம். டயரைப் பற்றி அவர் அப்பா என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

“மாமா, டயர் நாலும் பட்டன் அப்படியே இருக்கு. ஒரு வெட்டுக் காயம்கூட இல்லை. இதை எதுக்கு மாத்தணும்?” என்றார்.

நியாயமான கேள்விதான். பெரும்பாலோர் டயரின் ஆயுளைப் பட்டனை வைத்தே கணக்கிடுகிறோம். தினமும் ஓடும் காருக்கு அது ஏறக்குறைய சரி. நம் மோட்டார் வாகன விதிகளும் கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்றுதான் சொல்கின்றன. ஆனால் எப்போதாவது ஓடும் காரின் டயர் தேய்ந்து சாவதில்லை. நின்றபடியே மூப்படைந்து சாகிறது. அந்த மூப்பு பட்டனில் தெரியாது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எழுத்துகளில்தான் தெரியும். எனவே பழைய காருக்கு டயர் பார்க்கும்போது பட்டனைப் பார்ப்பதோடு நில்லாமல், எழுத்தைப் படியுங்கள். இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். இனி காரணங்களைப் பார்ப்போம்.

ரப்பருக்கும் வயது உண்டு

ரயில் சக்கரத்தில் உழைத்தவனுக்கு ரப்பர் டயரில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ரயிலிலும் டயர் உண்டு. இரும்புச் சக்கரத்தின்மேல் எஃகு வளையத்தைச் சூடாக்கி விரித்து ஏற்றுவார்கள். ஆறியதும் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் டயர் என்றுதான் பெயர். அது தேய்வதை அளவுகோல் வைத்து அளந்தே தீர்ப்புச் சொல்வோம். அதே பணிமனையில் ரப்பர் பொருள்களுக்கு மட்டும் வேறு நியாயம். வெற்றிட பிரேக் இருந்த காலத்தில் அதன் சிலிண்டரில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வண்டி முழுப் பராமரிப்புக்கு வரும்போது, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவோம். ரப்பர் விஷயத்தில் கண்ணுக்குச் சாட்சி சொல்லும் தகுதி கிடையாது என்பது அங்கே பாலபாடம்.

காரணம் ரப்பரின் உள்ளமைப்பு. ரப்பர் என்பது நீண்ட சங்கிலிகளின் பின்னல். அந்தச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த முறை இது. முடிச்சுகள் அளவாக இருக்கும்வரை ரப்பர் இழுபடும், மீளும். வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து வருடக்கணக்கில் வேலை செய்தால், சில சங்கிலிகள் அறும். வேண்டாத இடங்களில் புது முடிச்சுகள் விழும். ரப்பர் விறைக்கும், சாலையைப் பிடிக்கும் குணம் குறையும்.

இதைவிட மோசமானது உள்ளே நடப்பது. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன பட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக ரப்பரால் ஒட்டப்பட்டிருக்கின்றன. டயருக்குள் அடைத்த காற்று அழுத்தத்தில் இருப்பதால், அதிலுள்ள ஆக்சிஜன் உள்ளிருந்து மெல்ல மெல்லக் கசிந்து அந்த ஒட்டுகளை எட்டுகிறது. ஒட்டு பலவீனமானால், வேகத்தில் சூடேறும்போது பட்டை பிரியும். வெளியே இருக்கும் பட்டன் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

ஓசோன் என்ற வாயுவும் ரப்பருக்குப் பகை. அதைத் தடுக்க டயர் தயாரிக்கும்போதே ஒருவகை மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது இவை மேற்பரப்புக்கு வந்து பூச்சாகப் படியும். நிற்கும் காரில் வளைதல் இல்லை. ஆகவே இந்தப் பாதுகாப்பும் குறைவு. “கார் ஓடவே இல்லையே, டயர் எப்படிக் கெடும்?” என்பதற்கு இதுவே பதில்.

டயரின் பிறந்த தேதி

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். அதைத் தொடர்ந்து வரும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே பிறந்த தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். சில டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டியிருந்தால், காருக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நான்கு இலக்க முறை 2000-ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் மூன்றே இலக்கம்: இரண்டு வாரத்துக்கு, ஒன்று வருடத்துக்கு. ஆகவே மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் சென்ற நூற்றாண்டில் பிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். நம் இளைஞரின் காரில் இருந்தது 378. ஆண்டு 1998 ஆக இருக்கலாம். அதற்கும் பத்தாண்டு முந்தியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான். அழகான பட்டனோடு இருந்த அந்த நான்கு டயர்களில், அவர் மனைவியை உட்கார வைத்து மணிக்கு 100 கி.மீ. போக இருந்தார்.

எத்தனை வருடம்வரை பயன்படுத்தலாம்? மிஷ்லின் நிறுவனத்தின் அறிவுரை இது: பயன்பாட்டுக்கு வந்து ஐந்து வருடமானால் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், பிறந்த தேதியிலிருந்து பத்து வருடமானால் எப்படியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். கார் கம்பெனிகள் சில ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில், திறந்த வாசலில் நிற்கும் காருக்கு ஆறு என்ற கணக்கையே பின்பற்றுவது நல்லது என்பது என் கருத்து.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், இசை விழாவுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களை ஏற்றி வந்த பஸ்ஸின் முன் டயர் வெடித்தது. பஸ் மரத்தில் மோதியதில் டிரைவர் உட்பட மூவர் இறந்தனர். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல்; பஸ்ஸைவிட டயர் மூத்தது. டயரின் வயதுக்கு அன்றைய சட்டத்தில் வரம்பே இல்லை. இறந்த இளைஞர் ஒருவரின் தாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். அதன்பின் 2021 பிப்ரவரி 1 முதல், லாரி, பஸ்களின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று அந்த நாட்டில் விதி வந்தது.

2013 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே ஸ்போர்ட்ஸ் கார் மரத்தில் மோதி, அவரும் ஓட்டிய நண்பரும் இறந்தனர். அளவுக்கு மீறிய வேகமே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அதே சமயம், 2005-ஆம் ஆண்டுக் காரான அதன் டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும், அது காரின் பிடிமானத்தைக் குறைத்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணையாளர்கள் குறிப்பிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடும், ஓடும்போது வேகமாக ஓடும். பழைய டயருக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை வேறில்லை.

எந்த அளவு வாங்குவது?

டயரை மாற்ற வேண்டும் என்று முடிவானதும் அடுத்த கேள்வி அளவு. டயரில் 165/80 ஆர் 14 என்று போட்டிருந்தால் என்ன பொருள்? 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

எம்.ஜி.பி. காருக்குத் தொடக்கத்தில் 5.60-14 என்ற நைலான் வகை, அதாவது குறுக்கிழை டயர் வந்தது. பின்னர் 155 எஸ்ஆர் 14, 165 எஸ்ஆர் 14 என்ற ரேடியல் அளவுகள் வந்தன. பழைய எழுத்துமுறையில் பக்கச் சுவர் சதவீதம் போடமாட்டார்கள். போடாவிட்டால் ஏறத்தாழ 80 என்று கொள்ள வேண்டும். ஆக 165 எஸ்ஆர் 14 என்பதற்கு இன்றைய நேர்வாரிசு 165/80 ஆர் 14.

இங்கேதான் நம் இளைஞருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பழைய ஆங்கிலேயக் காருக்கு டயர் எங்கே கிடைக்கும், கப்பலில் வரவழைக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். 165/80 ஆர் 14 என்பது மாருதி ஸ்விஃப்ட், டிசைர் கார்களின் விலை குறைந்த மாடல்களுக்கு வரும் அளவு. நாட்டில் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கும் பக்கத்து வீட்டு ஸ்விஃப்டுக்கும் ஒரே டயர் என்றதும் அவர் முகம் சற்றுச் சுருங்கியது. “அந்தஸ்து குறையுதே மாமா” என்றார். தம்பி, சாலைக்கு அந்தஸ்து தெரியாது, அளவும் பிடிமானமும்தான் தெரியும் என்றேன்.

பழைய கார்களின் தோற்றம் கெடக்கூடாது என்பவர்களுக்காக மிஷ்லின், பிரெல்லி, வ்ரெடெஸ்டெய்ன் போன்ற நிறுவனங்கள் பழைய வடிவப் பட்டனோடு புதிய டயர்களைத் தயாரிக்கின்றன. இவற்றில் வ்ரெடெஸ்டெய்ன் நிறுவனத்தை 2009-இல் நம் அப்போலோ டயர்ஸ் வாங்கியது. வசதியும் பொறுமையும் உள்ளவர்கள் அவற்றை வரவழைக்கலாம். அப்போதும் பிறந்த தேதியை முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். குறைவாக விற்கும் அளவு என்றால் கிடங்கில் வருடக்கணக்கில் தூங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

அகலமான டயர் நல்லதா?

இளைஞர்கள் எல்லோருக்கும் அகலமான, தட்டையான டயர்மேல் மோகம். 195/60 ஆர் 14 போட்டால் கார் பார்வையாக இருக்கும் என்று கடைக்காரரும் தூண்டுவார். ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

165/80 ஆர் 14 டயரின் மொத்த விட்டம்: இரண்டு பக்கச் சுவர் 264 மி.மீ., ரிம் 356 மி.மீ., ஆக 620 மி.மீ. 195/60 ஆர் 14 டயருக்கு 234-உம் 356-உம் சேர்ந்து 590 மி.மீ. கிட்டத்தட்ட 5 சதவீதம் சிறிது. அதனால் கார் தரையோடு தாழும், என்ஜின் வேகமாகச் சுழலும், வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் 95-ஆக இருக்கும். நம் ஊர் வேகத்தடைகளில் அடிப்பாகம் தட்டும்.

சரி, அகலத்தால் சாலையைப் பிடிக்கும் பரப்பாவது கூடுமா? டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன்மேல் உள்ள எடையை உள்ளேயிருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைத்துவிடும். இந்தக் கார் ஆட்களோடு சேர்த்து சுமார் 1,100 கிலோ. ஒரு டயருக்கு 275 கிலோ. காற்று 24 பவுண்டு என்றால் சதுர செ.மீ.க்கு 1.7 கிலோ. வகுத்தால் 160 சதுர செ.மீ. விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையளவு. அகலத்தை மாற்றினால் இந்தப் பரப்பின் வடிவம் மாறுமே தவிர, மொத்தம் பெரிதாகக் கூடாது. குறுகிய டயரில் நீளவாக்கில் இருக்கும். அகலமான டயரில் குறுக்குவாக்கில் இருக்கும். வளைவில் திரும்புவதற்குக் குறுக்குவாக்கு ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் தேங்கிய மழைநீரில் குறுகிய டயர்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்.

மழையைப் பற்றி இன்னொரு விவரம். டயருக்கடியில் நீர் ஆப்புப்போல் புகுந்து காரைத் தூக்கிவிடும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து 1960-களில் கண்டறிந்தார்கள். அந்தக் கணக்கின்படி, பட்டனால் நீரை வெளியேற்ற முடியாத நிலையில், 24 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. சுமாரிலேயே மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதது போலத்தான். ஜூலை மாதத்தில் மலைப்பாதையில் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டன் ஆழம் இங்கேதான் முக்கியமாகிறது.

அகலத்தை மறுக்க இன்னொரு காரணம் சக்கரம். எம்.ஜி.பி.யின் கம்பிச் சக்கர ரிம் நாலரை அங்குல அகலமே உடையது. அதில் 195 டயரை ஏற்றினால் பக்கச் சுவர்கள் உள்ளே பிதுங்கி, பட்டன் சமமாகப் படியாது. 185/70 ஆர் 14 பலர் போடுவதுண்டு. விட்டமும் 615 மி.மீ. என்று நெருங்கி வருகிறது. ஆனால் கம்பிச் சக்கரக் கார்களில் அது பின்பக்க மட்கார்டின் உள்ளே உரசும் என்பது இந்தக் காரை வைத்திருப்போர் அனைவரும் அறிந்த விஷயம்.

மேலும், ஒரு காரை வடிவமைப்பவர் டயரையும் ஸ்பிரிங்கின் ஒரு பாகமாகவே கணக்கில் எடுக்கிறார். உயரமான பக்கச் சுவர் சாலையின் அதிர்வில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அதைத் தட்டையாக்கினால் அந்த அதிர்வு கம்பிகளுக்கும் பேரிங்குக்கும் ஸ்டியரிங் இணைப்புகளுக்கும் போகும். பந்தயக் காருக்கான மிக மென்மையான, ஒட்டும் ரப்பரும் அப்படியே. வளைவில் அது காரை விடாமல் பிடிக்கும். பிடிக்கப் பிடிக்க அந்த விசை முழுவதும் ஐம்பது வருடக் கம்பிகளின்மேல் ஏறும். பழைய காரில் டயர் சற்றே நழுவி, ஓட்டுபவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது குறையல்ல, பாதுகாப்பு.

எடை, வேக எழுத்து

அளவுக்குப் பின்னால் 85 டி என்பது போல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. பட்டியலில் அதன் மதிப்பு 515 கிலோ. நமக்கு வேண்டியது 275, போதும் போதும் என்கிற அளவு. டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை தாங்கும். எஸ் என்றால் 180, எச் என்றால் 210. பழைய எஸ்ஆர் டயருக்குப் பதில் டி போடலாம். எழுத்து மேலே போகலாம், கீழே இறங்கக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே அளவில் பல கம்பெனி டயர்கள் இருக்கும்போது, சிறிய கார்களுக்கான டயர்களில் சில நீண்ட ஆயுளையும் பெட்ரோல் சிக்கனத்தையும் முதன்மையாக வைத்துக் கடினமான ரப்பரில் வருகின்றன. வருடத்துக்கு 2,000 கி.மீ. ஓடும் காருக்கு 50,000 கி.மீ. உழைக்கும் டயர் எதற்கு? இருபத்தைந்து வருடம் அதை வைத்திருக்கப் போவதில்லை. ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் ரகம் எது என்று கேட்டு அதை வாங்குங்கள். சீக்கிரம் தேயும் என்று கடைக்காரர் எச்சரித்தால் கவலை வேண்டாம்; தேய்வதற்குள் அதற்கு வயதாகிவிடும்.

கலப்படம் வேண்டாம்

1946-இல் மிஷ்லின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரும், அதற்கு முந்தைய நைலான் வகை டயரும் வளைவில் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. நான்கும் ஒரே வகையாக இருப்பதே சரி. ஒரே அச்சில் இடது ஒரு வகை, வலது ஒரு வகை கூடவே கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்பது மிகவும் ஆபத்து. முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வீசி எறியும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதியதை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. பின்னால் போடுவதே சரி. முன்பக்கம் நழுவினால் காலை எடுத்து வேகம் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் நழுவினால் கார் சுழன்றுவிடும், சாதாரணமாக ஓட்டுகிறவர்களால் சமாளிக்க முடியாது.

கம்பிச் சக்கரத்துக்கு ட்யூப்

கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்து உள்ளே வருவதால் பழைய கம்பிச் சக்கரத்தில் காற்று நிற்காது, ட்யூப் அவசியம். இன்றைய டயர்கள் பெரும்பாலும் ட்யூப் இல்லா வகை. அவற்றுக்குள் ட்யூப் போடும்போது சில முன்னெச்சரிக்கைகள் வேண்டும். டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டு, சொரசொரப்பு எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ட்யூபை அரித்துத் துளைக்கும். கம்பி முனைகளின்மேல் ரப்பர் நாடா புதிதாகச் சுற்ற வேண்டும். ட்யூபும் அதே அளவில், ரேடியலுக்கானதாக, புதிதாக இருக்க வேண்டும். பழைய ட்யூபைப் புது டயருக்குள் போடுவது, புது வேட்டிக்குள் கிழிந்த முடிச்சில் பணம் கட்டுவது போல.

இரும்புத் தகட்டு ரிம் உள்ள கார்களில் ட்யூப் இல்லாமல் போடுவதானால், ரப்பர் வால்வையும் கட்டாயம் மாற்றுங்கள். அதுவும் ரப்பர்தான், அதற்கும் வயதுண்டு. விலை அற்பம்.

காற்றும் நிறுத்தி வைத்தலும்

இந்தக் கார்களின் கையேட்டில் காற்றழுத்தம் இருபது சொச்சம் பவுண்டுதான் இருக்கும். கடைப் பையன் பழக்கத்தில் எல்லாக் காருக்கும் அடிப்பது போல 33 அடித்துவிடுவான். கார் தவளைபோல் குதிக்கும். கையேட்டைப் பார்த்துச் சொல்லி அடியுங்கள். அதைவிடக் குறைய விடுவதுதான் பெரிய ஆபத்து. இந்த டயர் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 515 முறை சுற்றுகிறது. புனேயிலிருந்து கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை போக சுமார் 1,200 கி.மீ. அதற்குள் பக்கச் சுவர் ஆறு லட்சம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. காற்று குறைந்தால் ஒவ்வொரு வளைவும் ஆழமாகிறது, சூடு ஏறுகிறது. வெடிப்பது இதனால்தான்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் புறப்படும் முன் பாருங்கள். 10 டிகிரி வெப்பம் கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடும். வழியில் சூட்டில் அதிகம் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன்தான் வேண்டும் என்பதில்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் எந்த வாயுவைவிடவும் மேல்.

காரை நிறுத்தி வைக்கும்போது வெயில் படாமல் டயரையும் மூடுங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் இடத்தருகே நிறுத்தாதீர்கள். மோட்டாரில் பொறி பறக்கும்போது ஓசோன் உண்டாகும். பதினைந்து நாளுக்கொருமுறை கொஞ்ச தூரமாவது ஓட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரு வார்த்தை

பத்மினியின் 5.20-14 ஆனாலும், மாருதி 800-இன் 145/70 ஆர் 12 ஆனாலும் மேலே சொன்ன விதிகளே. முக்கியமாக ஸ்டெப்னியை மறக்காதீர்கள். ஒருநாளும் சாலையைத் தொடாமல், புத்தம் புதிய பட்டனோடு, காரின் வயதே உடைய டயர் பல டிக்கிகளில் படுத்திருக்கிறது. நடுவழியில் பஞ்சரானால் அதை மாட்டிக்கொண்டுதான் பெண்டு பிள்ளைகளோடு மிச்ச தூரம் போவோம்.

கடைக்குப் போகுமுன் ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: கையேட்டிலுள்ள டயர் அளவு, எடைக் குறியீடு, வேக எழுத்து, காற்றழுத்தம், ட்யூப் தேவையா இல்லையா. கடையில் டயரை இறக்கியதும் நான்கிலும் பிறந்த தேதியை நீங்களே படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வேறு எடுத்துவரச் சொல்லுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். மாட்டியபின் பேலன்சிங்கும் வீல் அலைன்மென்டும் செய்துகொள்ளுங்கள்.

நம் இளைஞர் 165/80 ஆர் 14 அளவில் ஐந்து டயர், ஐந்து ட்யூப் வாங்கினார். கழற்றிய டயர்களை யாரோ மெக்கானிக் விலைக்குக் கேட்டாராம். பட்டன் நன்றாக இருக்கிறதே என்றுதான் அவரும் கேட்டிருக்கிறார். இன்னொருவர் வண்டியில் போய் அவை ஏறக்கூடாது என்று, பக்கச் சுவரை அறுத்துவிட்டுப் பழைய சாமான் கடைக்குப் போடச் சொன்னேன். அப்படியே செய்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும், ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் காரைச் சுற்றி ஒருமுறை வாருங்கள். ஐந்து டயர், ஐந்து எண். பத்து நிமிட வேலை. எண்ணைப் படிப்பதில் சந்தேகம் இருந்தால், மாதக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.